கீழே வைத்த சுருதி மேலே நிற்குமா?

தை மாதம் பினாங்கில் மழை ஓயும் காலம். ஜார்ஜ்டவுன் கடைத்தெருவுக்குப் பின்னால், பழைய கடைவீடொன்றின் மொட்டைமாடியில், நண்பர் தம் 12 அங்குலத் தொலைநோக்கியைத் தெற்கே அகத்தியர் விண்மீனுக்குத் திருப்பி வைத்திருந்தார். அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரம். குவியத்தைக் கொஞ்சம் கலைத்தார். ஒளிப்புள்ளி விரிந்து வட்டத்துக்குள் வட்டமாயிற்று. நட்டநடுவில் சின்னக் கண்ணாடியின் கறுப்பு நிழல். பிசகே இல்லை.

"பாத்தாச்சா? இப்ப வாங்க" என்று குழாயைத் திருவாதிரைக்குத் தூக்கினார். பினாங்கில் அது உச்சிக்கு இரண்டே டிகிரி வடக்கே கடந்து போகும். இப்போதும் வட்டங்கள்தான். ஆனால் நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.

"கீழே சரியாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"கீழே வச்ச சுருதி மேலே நிக்கலையே தம்பி."

கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதற்குக் காலிமேஷன் என்று பெயர். சின்னக் கண்ணாடியைத் திருப்பி, லேசர் புள்ளியைப் பெரிய கண்ணாடியின் மைய வளையத்தில் விழவைக்க வேண்டும். பிறகு பெரிய கண்ணாடிக்கு அடியிலுள்ள மூன்று திருகுகளால் அதை வந்த வழியே திருப்பியனுப்ப வேண்டும். பலர் அத்தோடு எழுந்துவிடுகிறார்கள். குழாய் படுத்திருக்கும்போது கண்ணாடி ஓரத்தில் சாய்கிறது. நிமிர்ந்தால் முதுகில் அமர்கிறது. இடையில் ஸ்பிரிங் நசுங்கும், கனத்த கண்ணருகு வில்லையை மாட்டிய இடம் தொங்கும். நண்பருடையது குவிய விகிதம் 5 உள்ள பரவளையக் கண்ணாடி. நடுவில் சுமார் 2.75 மில்லிமீட்டர் அகலத்துக்குள்தான் விண்மீன் வால் முளைக்காமல் கூர்மையாகத் தெரியும். கண்ணாடியின் ஓரம் கால் மில்லிமீட்டர் தாழ்ந்தால் அந்த நல்ல வட்டம் ஐந்து மடங்கு, அதாவது ஒன்றேகால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மிச்சம் என்ன இருக்கிறது?

மறுநாள் கண்ணாடியைக் கழற்றினோம். நான் ரசித்தது அதன் அடியில் இருந்ததை. மூன்று முக்கோணத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒற்றை முளையில் நிற்கிறது. மூலைக்கு ஒன்றாக ஒன்பது தாங்குபுள்ளிகள். விரல் பட்டால் தகடு சாயும். கண்ணாடியை வைத்ததும் மூன்றும் தத்தம் பங்கு எடையை வாங்கிக்கொண்டு அடங்கிவிடும், பொற்கொல்லரின் தராசு போல. கவ்விகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. இறுக்கினால் கண்ணாடி நெளிந்து விண்மீன் முக்கோணமாகும். இந்த அமைப்பில் குறையில்லை. குற்றவாளி தளர்ந்த ஸ்பிரிங்குகள். அவற்றுக்குப் பதில் விறைப்பானவற்றைப் போட்டார்; கீழோரத்தைத் தாங்க ஒரு கம்பித் தொட்டிலும் கட்டினார்.

பெரிய கருவிகளுக்கும் இதே தலைவலிதான். 1948இல் திறக்கப்பட்ட பலோமர் தொலைநோக்கியின் 200 அங்குலக் கண்ணாடி மட்டுமே 14.5 டன். அதன் குழாயை வளையாமல் செய்வது ஆகாத காரியம். பொறியாளர் மார்க் செரூரியர் அதை வளையவிட்டார். நடுவில் பிடித்து, இருபுறமும் முக்கோணச் சட்டங்களால் முனைகளைத் தாங்கினார். இரு முனைகளும் ஒரே அளவு தாழும், தாழும்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே நிற்கும். கண்ணாடிகள் கூடவே இறங்குவதால் ஒன்றையொன்று பார்ப்பது மாறாது. ஹவாயின் கெக் தொலைநோக்கியில் 36 துண்டுக் கண்ணாடிகளை ஒரு கணினி நொடிக்கு இருமுறை சரிசெய்கிறது. அது அற்புதம்தான். ஆனாலும் மின்சாரமே தேவைப்படாத செரூரியரின் தந்திரத்துக்குத்தான் என் ஓட்டு.

தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 1986 ஜனவரி 6இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர், குவிய விகிதம் 3.25. திருத்து வில்லை இல்லாமல் பார்த்தால் அதன் நல்ல வட்டம் முக்கால் மில்லிமீட்டர்தான்! பலோமரைப் போலவே அதையும் வடக்கே குதிரை லாட வடிவத் தாங்கி ஏந்துகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள ஊர்களுக்கு ஏற்ற அமைப்பு. ஆனால் அதைத் துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும்; பினாங்கில் துருவ விண்மீன் ஐந்து டிகிரிதான் உயரும், எங்கள் மாடியிலிருந்து கட்டடங்களுக்குப் பின்னால் எங்கோ. அதனால்தான் நண்பர் துருவத்தை நம்பாமல், மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும் பலகைப் பெட்டியே போதும் என்று இருந்துவிட்டார்.

அன்றிரவு மீண்டும் அகத்தியர், மீண்டும் திருவாதிரை. நிழல் மயிரிழை அசைந்ததோ என்னவோ. "போதும்" என்றார் அவர். எனக்குப் போதவில்லை, இன்னொரு தடவை தாழ்த்தச் சொன்னேன். அதற்குள் கடற்காற்றின் ஈரம் சின்னக் கண்ணாடியில் பூத்துவிட்டிருந்தது.