புல்லின் மறுபாதி

சீனக் கவிதையில் புல் என்றாலே பலருக்கும் பை ஜூயி (772–846) எழுதிய எட்டு வரிக் கவிதைதான் ஞாபகம் வரும். எரிந்தாலும் வசந்தத்தில் திரும்பவும் முளைக்கிற காட்டுப் புல்லைப் பற்றி, இளவயதில் எழுதியது. துவளாத மனசுக்கு உதாரணமாக இதைக் காட்டுவார்கள். சீனப் பள்ளிப் பாடநூலில் பிள்ளைகள் படிப்பதும் முதல் நான்கு வரிகளைத்தான்.

எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. கவிதையின் தலைப்பிலேயே 'வழியனுப்புதல்' இருக்கிறது. பின்பாதியில் அதே புல் பழைய பாதையின் மேல் படர்கிறது. நண்பன் கிளம்பிப் போகிறான். அந்தப் பச்சை முழுக்கப் பிரிவுத் துயரமாகிவிடுகிறது. ஆக, விடாமல் முளைப்பது புல் மட்டுமில்லை, துக்கமும்தான். முன்பாதியோடு நிறுத்தினால் கையில் மிஞ்சுவது ஒரு தன்னம்பிக்கை வாசகம்.

நீலகிரியை மனதில் வைத்துப் படித்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுந்து புல்வெளி கருகும். மழை வந்ததும் பச்சை திரும்பிவிடும், வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்த சீகை மரம் மண்டிய இடங்களில், வெயில் கிடைக்காமல் புல் போயே போய்விட்டது. பனியைத் தாங்கிய புல்லுக்கு நிழலைத் தாங்க முடியவில்லை.

மனிதர்களைப் புல்லோடு ஒப்பிடும்போதும் இதை யோசிக்கணும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அவர்களைக் கேட்காமலே எடுத்த முடிவு. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. பிற்பாடு அதுதான் டேன்டீ ஆனது. "எங்க கொண்டுபோய் விட்டாலும் பொழைச்சுக்குவாங்க" என்று அவர்களைப் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனாலும் அது முதல் நான்கு வரி மட்டுமே. பிறந்த லயத்தை விட்டு வந்தது, ஒரே குடும்பம் இரண்டு நாடுகளில் பிரிந்தது, இதெல்லாம் பின்பாதியில் இருக்கிறது.

நம்ம கல்யாண வாழ்த்திலும் அருகம்புல் உண்டு. அருகு போல வேரோடணும் என்கிறோம். எரிந்து எரிந்து முளைக்கணும் என்று யாரும் வாழ்த்துவதில்லை. வேரோட மண் வேண்டும் என்பது அந்த வாழ்த்துக்குள்ளேயே இருக்கிறது.

பை ஜூயியை எட்டு வரியும் படிங்க.