பெறுபேறும் ஆசிரியர் தகுதியும்

வயலும் வாவியும் வாணிகமும் சூழ்ந்த ஊர் ஓட்டமாவடி. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளியாகுங் காலத்தில், இலங்கையின் ஏனைய ஊர்களிற் போலவே இங்கும் சித்தியெய்திய சிறுவரின் படங்கள் தாங்கிய பதாகைகள் தோன்றுகின்றன. பிள்ளைகளின் வெற்றியைக் கொண்டாடுதல் தகவே. ஆயின் அப்பதாகை பிறிதொன்றையும் சொல்லாமற் சொல்லுகின்றது. சித்தியெய்தினோர் தொகை மிக்க வகுப்பின் ஆசிரியர் வல்லவர், தொகை குறைந்த வகுப்பின் ஆசிரியர் வல்லாதவர் என்பதே அது. இவ்வளவுகோல் நேரியதுதானா என்பது ஆராயற்பாலது.

இதனை ஆதரிப்போர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆசிரியரின் வேதனம் மக்களின் வரிப்பணத்தினின்றும் வருவது. 1945 ஆம் ஆண்டிலே தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் தம் பிள்ளையைச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. வகுப்புக்கு ஒழுங்காக வாராதவரும், வந்தும் கற்பியாதவரும், பகலிற் சொல்லாததை மாலையிற் கூலிக்குச் சொல்லிக் கொடுப்பவரும், 'பிள்ளைகள் மந்தர்' என்று கூறித் தப்புதல் ஒண்ணாது.

எனினும் இவ்வளவுகோல் புதியதன்று. முன்னரே கையாண்டு கைவிடப்பட்டது. ஆங்கில நாட்டில் 1862 ஆம் ஆண்டில் ரொபேட் லோ என்பார் கொணர்ந்த திருத்தச் சட்டக்கோவை, வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றனுள் பிள்ளை தவறும் ஒவ்வொன்றுக்கும் பாடசாலையின் நன்கொடையில் 2 சிலிங்கு 8 பென்சைக் குறைத்தது. இலங்கையிலும் 1869 இல் பொதுப் போதனாத் திணைக்களம் நிறுவப்பட்டபின், 1870 முதல் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றை நோக்கியே பணம் வழங்கலாயிற்று. ஆங்கில நாட்டில் விளைந்தது யாது? பரிசோதகர் கேட்பன மட்டுமே கல்வியாயின. பொருளறியாது நெட்டுருச் செய்த பிள்ளை ஏட்டைப் பாராமலே வாசிப்புப் பாடத்தை ஒப்பித்தது. பாடசாலைப் பரிசோதகராயிருந்த மத்தியூ ஆர்னல்டே அம்முறையைக் கண்டித்தெழுதினார். அந்நூற்றாண்டு முடியுமுன் ஆங்கில நாடு அதனைக் கைவிட்டது.

அம்முறையின் முதற் பிழை, நிலத்தை நோக்காது விளைவை மட்டும் நோக்கியமையாகும். வாகனேரிக் குளத்து நீர் பாயும் வயல்களில், வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயலும் கடைமடை வயலும் ஒரே அவணக் கணக்கில் விளைவதில்லை. விளைவு குறைந்தமை கண்ட மாத்திரத்தே கடைமடை உழவனைச் சோம்பன் என்று அறிந்தோர் கூறார். நீர் எவ்வளவு வந்தது என்றே முதலிற் கேட்பர். ஒரே வகுப்பில், தனியார் வகுப்புக்கு நாடோறுஞ் செல்லும் வணிகர் மகனும், விடியுமுன் தந்தையோடு தோணியேறும் மீனவர் மகனும், தாய் மத்திய கிழக்கிற் பணிபுரியப் பாட்டியிடம் வளரும் சிறுமியும் இருத்தல் கூடும். அன்றியும், ஐந்தாந் தரத்தில் வெளிப்படும் வாசிப்புத் திறனுக்கு வித்திட்டவர் முதலாந் தரத்து ஆசிரியர். புகழும் பழியும் கடைசியாகக் கற்பித்தவரையே சேர்கின்றன.

அரசே இவ்வுண்மையைப் பிறிதோரிடத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை நோக்கியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. ஒரே புள்ளி எல்லா ஊர்களிலும் ஒரே பொருள் தருவதன்று என்பதே இவ்வொதுக்கீட்டின் கருத்து. மாணவனுக்கு ஒப்புக்கொண்ட அவ்வுண்மையை ஆசிரியனை அளக்கும்போது மறத்தல் முறையன்று.

தொடக்க நிலையைக் கழித்து வளர்ச்சியை மட்டும் அளக்கலாமே எனின், அதுவும் முயன்று பார்க்கப்பட்டதே. அமெரிக்காவில் தெனசி மாநிலம் 1992 இல் அத்தகைய கணித முறையொன்றைச் சட்டமாக்கியது. பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றின. ஆயின் அந்நாட்டுப் புள்ளிவிபரவியலாளர் சங்கம் 2014 இல் வெளியிட்ட அறிக்கை, மாணவர் புள்ளிகளிடையே காணப்படும் வேறுபாட்டில் 1 முதல் 14 வீதம் வரையே ஆசிரியரால் விளைவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன என்று கூறிற்று. எஞ்சியது வீடு, வறுமை, நூல், முன்னைய கல்வி முதலிய பலவற்றின்பாற்பட்டது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. தம் பெயர் சித்தியின் தொகையில் தங்கியுள்ளது என்று அறிந்த ஆசிரியர்க்கு, தேரமாட்டாத பிள்ளை ஒரு சுமையாகி விடுகின்றது. அப்பிள்ளை கடைசி வாங்கிற்கு ஒதுங்குகின்றது. வினா அதனிடஞ் செல்வதில்லை. ஆசிரியரை அளக்க எடுத்த கோல், ஆசிரியர் யாருக்கு மிகவுந் தேவையோ அவனையே வகுப்பினின்றும் விலக்கி விடுகின்றது.

ஆதலின் பெறுபேறு ஒரு சான்றேயன்றித் தீர்ப்பாகாது. பிள்ளை வகுப்பிற் புகுந்தபோது இருந்த நிலை, அதன் பயிற்சிக் கொப்பிகள், வகுப்பறையை நேரிற் கண்ட அதிபர், ஆசிரிய ஆலோசகர் ஆகியோரின் கருத்து என்பனவும் உடன்வைத்து நோக்கப்படல் வேண்டும். குறை காணப்படின் முதலில் உதவியே செல்லுதல் வேண்டும். எழுத்தறியாது ஐந்தாந் தரம் வந்து, ஆண்டிறுதியில் வெளிநாட்டிலுள்ள தாய்க்குத் தானே ஒரு கடிதம் எழுதக் கற்ற சிறுமி வெட்டுப்புள்ளியை எட்டாள்; பதாகையிலும் இடம்பெறாள். ஆயினும் அவ்வாண்டில் அப்பாடசாலையில் நிகழ்ந்த கற்பித்தலுள் தலையாயது அதுவாகவே இருத்தல் கூடும்.