ஏழு பேர்ச்சும் ஐந்து சென்ட்டும்

மூணாறிலும் லயம்தான், நுவரெலியாவிலும் லயம்தான். நீளமாய் ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள். பக்கத்து வீட்டு இருமல் சுவரைத் தாண்டி வரும். ஒரு வீட்டில் ஈர விறகு புகைந்தால் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கண் எரியும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் சனத்தைக் கூட்டிப்போய்க் குடிவைத்த வரிசைகள் இவை. தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தால் வீடு. பேர் போனால் வீடும் போகும்.

மூணாற்றுத் தொழிலாளிக்கு வீடு தருவதை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது; சொந்தமாகத் தரச் சொல்லவில்லை. ஓய்வுபெறும்போது பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குச் சேராவிட்டால் பாத்திரம் பண்டத்தைக் கட்ட வேண்டியதுதான். அதனால் பி.எஃப். பணத்தை நம்பி தென்காசிப் பக்கமோ கயத்தாறுப் பக்கமோ ஒரு வீட்டை எழுப்புகிறார்கள். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பூட்டுத் திறக்கிற வீடு அது.

இலங்கை மலையகத்தாருக்கு அந்தப் போக்கிடம் இல்லை. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களுக்குத் தோட்டமே ஊர். ஆகவே அவர்கள் கூலியோடு காணியும் கேட்டார்கள். லயத்துக்குப் பதில் தனி வீடு கேட்டார்கள். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட்டில் மோடி அறிவித்த 10,000 வீடுகள் என்று திட்டம் வளர்ந்தது. முதலில் கட்டிய வீடுகளுக்குத் தலா ஏழு பேர்ச் காணி. உறுதிப்பத்திரத்துக்குக் காத்திருப்போர் இன்னும் உண்டு. ஆனாலும் கேட்பதற்கு 'ஏழு பேர்ச்' என்று ஓர் அளவு இருக்கிறது.

மலை இரு பக்கமும் சரிந்தது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில். பெட்டிமுடியில் லயங்களோடு 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலருக்குக் கயத்தாறுதான் பூர்வீகம். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார் பள்ளத்தாக்கில் ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கிடைத்தது.

கணக்குப் போட்டால் ஏழு பேர்ச் சுமார் 1,906 சதுர அடி. ஐந்து சென்ட் 2,178. இடத்தில் பெரிய வித்தியாசமில்லை. இலங்கையில் அது தோட்டத்துச் சனம் முழுவதற்குமான கோரிக்கை. பெட்டிமுடிக்காரர்களுக்கு அது சாவுக்குப் பின் வந்த நிவாரணம். கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த வீட்டுத் திட்டம் போடிமெட்டு ஏறி மூணாறுக்கு வர எத்தனை காலம் ஆகும்? 'ஊரில் ஒரு வீடு இருக்கிறதே' என்ற ஆறுதலே மூணாற்றுச் சனமான நம்மைக் கேட்கவிடாமல் செய்கிறதோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.