பொன்முலாமும் துடுப்பும்

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலேறித் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி வருவோர் கண்டு மகிழும் சின்னங்களுள் கடற்போர்ச் சின்னங்கள் பல. அண்மையில் அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொண்ட நாம், அச்சின்னங்கள் எதை நினைவில் வைக்கின்றன, எதை மறக்கச் செய்கின்றன என்பதை இங்கே சற்று ஆராய விழைகின்றோம்.

பார்சலோனாவின் பழைய அரச கப்பல் கட்டுந்தளம் இன்று கடல்சார் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அங்கே, 1571 அக்டோபர் 7 அன்று லெபாந்தோ கடற்போரில் கிறிஸ்தவக் கூட்டணிக்குத் தலைமை தாங்கிய ஆஸ்திரியாவின் தோன் யுவான் ஏறிச் சென்ற கப்பலின் முழு அளவுப் படி நிற்கின்றது. போரின் நானூறாம் ஆண்டு நிறைவான 1971-ஐ ஒட்டி உருவாக்கப்பட்ட இதன் நீளம் ஏறத்தாழ 60 மீட்டர். அதன் பின்புறத்தைக் கண்டவர் வியவாதிருக்க இயலாது. சிவப்பும் பொன்முலாமும் சிற்பங்களும் ஓவியங்களுமாக அது ஓர் ஆலயப் பீடத்தையே நினைவூட்டுகிறது. நாமும் வியந்தோம். ஆனால் சில அடிகள் நடந்து நடுப்பகுதிக்கு வந்தால், அணி ஏதுமற்ற வெறும் பலகைகளே வரிசையாக உள்ளன. கப்பலைச் செலுத்திய இருநூறுக்கும் மேற்பட்டோர் அமர்ந்த இடம் அதுவே. அக்காலத் துடுப்புக் கப்பல்கள் பலவற்றில் கூலிக்கு வந்தோர் சிலரே. தண்டனைக் கைதிகளும் அடிமைகளுமே மிகுதி. விலங்கிடப்பட்டு, அமர்ந்த இடத்திலேயே உண்டு உறங்கினர் அவர்கள். கலைஞனின் உளி பின்புறத்தோடு நின்றுவிட்டது. பார்வையாளரின் கண்ணும் அங்கேயே நின்றுவிடுகிறது. இதுவே நம் முதற் குறை.

மால்டாவின் வாலெட்டா நகரில் புனித யோவான் இணைப்பேராலயம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகின்றது. புனித யோவான் சபை வீரர்களின் பெருந்தலைவர் நிக்கொலாஸ் கோத்தோனரின் நினைவுச் சின்னத்தை அங்கே கண்டோம். தொமெனிக்கோ குயிதி செதுக்கிய அதன் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்போர் இரண்டு அடிமைகள். ஒருவர் ஆப்பிரிக்கர், மற்றவர் துருக்கியர். தலைவரின் புகழைப் பாடவே சிற்பி முயன்றிருக்கக்கூடும். எனினும், யார் தோளில் அப்புகழ் நின்றது என்ற உண்மையைக் கல் மறைக்கவில்லை. அத்தீவில் அடிமை முறை 1798-இல்தான் ஒழிந்தது; ஒழித்தவர் நெப்போலியன். நம்மைத் தலைகுனிய வைக்கும் செய்தி இது.

அக்டோபர் 7 நமக்கு அயலான நாளன்று. லெபாந்தோ வெற்றிக்கு நன்றியாகத் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் ஏற்படுத்திய விழாவே பின்னர் செபமாலை அன்னையின் விழாவாயிற்று. அவ்விழாவை நாம் குறை கூறவில்லை. அந்நாளில் பகைவரின் கப்பல்களில் பிணிக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான கிறிஸ்தவ அடிமைகள் விடுதலை பெற்றனர் என்பதும் உண்மை. ஆனால் நம் தரப்புக் கப்பல்களிலும் விலங்குகள் இருந்தன என்பதை விழா மகிழ்ச்சியில் மறப்பது நேர்மையாகாது.

இம்மறதிக்கு மருந்தும் திருச்சபையின் வரலாற்றிலேயே உண்டு. அப்போரில் இடக்கையில் காயமுற்ற எழுத்தாளர் செர்வாந்தெஸ், 1575-இல் கடற்கொள்ளையரிடம் சிக்கி அல்ஜியர்சில் ஐந்தாண்டு அடிமையாக வாழ்ந்தார். 1580-இல் மீட்புப் பணம் தந்து அவரை விடுவித்தோர் மூவொரு இறைவன் சபைத் துறவியர். மேலும் 1965-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், லெபாந்தோவில் கைப்பற்றப்பட்ட துருக்கியக் கொடி ஒன்றைத் துருக்கிக்கே திருப்பி அளித்தார். வெற்றிச் சின்னத்தைப் பேணுவதினும் அதனைத் திருப்பிக் கொடுப்பது உயர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பயண ஏற்பாட்டாளர் மீதும் நமக்கு ஒரு குறை உண்டு. காலையில் கரையிறக்கி மாலையில் கப்பலேற்றும் அவசரத்தில் பொன்முலாம் மட்டுமே கண்ணிற்படும். பலகையின் முன் நிற்க நேரமேது? அன்றிரவு, நம் கப்பலின் பொறிகளை அடித்தளத்தில் நின்று இயக்குவோர் எந்நாட்டவர் என்று நாம் இதுவரை வினவவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அருங்காட்சியகத்தின் மீது நாம் சுமத்திய குற்றம் நம்மையும் சார்ந்ததே.