முயலுக்கு டிடிஜிஎஸ்: அந்த 20 சதவீதத்தின் கதை

எத்தனால் வடித்தபின் மிஞ்சும் தானியச் சக்கையை முயலுக்குப் போடுவது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளா வரிசையாகப் படிச்சுக்கிட்டிருக்கேன். சக்கையையும் கரைசலையும் சேர்த்து உலர்த்தினால் கிடைப்பதுதான் டிடிஜிஎஸ். 100 கிலோ மக்காச்சோளத்துக்கு ஏறக்குறைய 30 கிலோ மிஞ்சும். பெரும்பாலான கட்டுரைகள் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: 20 சதவீதம் வரை சேர்க்கலாம், வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவு பொய் இல்லை. ஆனால் பாதிதான் சொல்கிறது.

ஸ்பெயினில் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் சோதனையையே எடுத்துக்குவோம். இந்த வகையில் அது நல்ல வேலை. பார்லி, கோதுமை, மக்காச்சோளம் மூன்றின் டிடிஜிஎஸ்ஸையும் தனித்தனியா 20 சதவீதம் கொடுத்தாங்க. மக்காச்சோளத்தை மட்டும் 40 வரை கொண்டுபோனாங்க. ஆனால் இப்படிப்பட்ட சோதனைகளில் டிடிஜிஎஸ் உள்ளே வரும்போது மற்றவை சும்மா நிற்பதில்லை. தானியமும் புண்ணாக்கும் குறையும், நாரும் லைசினும் சரிக்கட்டப்படும். ஆக, சோதிக்கப்பட்டது டிடிஜிஎஸ் மட்டுமல்ல, அதைச் சுற்றிக் கட்டிய மொத்தத் தீவனமும்தான். இதைக் கவனிக்காம, "20 போடலாமாம்" என்று கேட்டுவிட்டு வேலிமசாலைக் குறைத்து இதைக் கலக்கிற ஆளுக்கு அந்த முடிவு பொருந்தாது.

ஏன்னா முயலின் வயிறு அப்படி. கரடான நார் சீக்கிரம் வெளியே போய்க் கெட்டிப் புழுக்கை ஆகும். நுண்ணிய துகளும் நீரும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சீக்கம் என்கிற பெருங்குடல் பைக்குள் போய் நொதிக்கும். அதில் உருவாகும் மென்புழுக்கையை முயல் திரும்பத் தின்னும். இந்த ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவது செரிக்காத நார், குறிப்பா லிக்னின். மக்காச்சோள டிடிஜிஎஸ்ஸில் நார் இருக்கு, லிக்னின் ரொம்பக் கம்மி. புரதம் 27-30 சதவீதம் என்று பார்த்ததும் சோயாவோடு ஒப்பிடுவது மாட்டுக்காரர், கோழிக்காரர் கணக்கு. முயலுக்கு முதல் கேள்வி நார்தான். (நியாயமாச் சொன்னால், மாவுச்சத்து போயிருப்பது பால் மறந்த குட்டிக்கு நல்லதுதான்.)

இன்னொரு குறை சாவுக் கணக்கு. ஒரு குழுவுக்கு 40 முயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 2 சாகிறது, இன்னொன்றில் 6. புள்ளியியல் இதை "வேறுபாடு இல்லை" என்றுதான் சொல்லும். நூறு குட்டி வளர்க்கிறவருக்கு அது கூடுதலா 10 குட்டி. இத்தனை சின்னக் குழுவை வைத்து எடை கூடுவதைப் பேசலாம், பாதுகாப்பைப் பேச முடியாது. பாலை மறக்கடித்த சில வாரங்களில் கழிச்சலில் குட்டி சாவதுதான் இந்தத் தொழிலின் பெரிய நஷ்டம். அதைப் பற்றி ஒரே ஒரு வரியில் கடந்துபோகிற கட்டுரையை நான் நம்புவதில்லை.

நம்ம ஊருக்கு வந்தால் சிக்கல் கூடும். இங்கே எத்தனாலுக்கு அரிசியும் போகிறது. அரிசி டிடிஜிஎஸ்ஸில் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும், நார் இன்னும் குறைவு. ஐரோப்பாவின் 20 சதவீதத்தை இதுக்கு எடுத்துப் போடுவது ஆள் மாறிப்போன செருப்பு மாதிரி. மாவுச்சத்து வெளியேறும்போது மிச்சமெல்லாம் மூன்று மடங்கு அடர்த்தியாகும். தானியத்தில் அஃப்ளாடாக்சின் இருந்தால் அதுவும்தான். அந்த நஞ்சை ரொம்பவும் தாங்க முடியாத பிராணிகளில் முயலும் ஒன்று.

இதைப் போடவே கூடாதுன்னு நான் சொல்லலை. விலை மலிவு, பெரியவற்றுக்குப் பசுந்தீவனத்தோடு கொஞ்சம் கலந்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அடுத்து இதைப் பற்றி எழுதுகிறவங்ககிட்ட ஒண்ணு கேட்கணும்: தீவனத்தின் லிக்னின் அளவையும், பால் மறந்த முதல் மூணு வாரத்தில் எத்தனை குட்டி செத்தது என்பதையும் முதல் அட்டவணையிலேயே போடுங்க. எடை கூடுனதை அதுக்கப்புறம் படிச்சுக்கறேன்.