எடுத்தாச்சு சார்!

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் இருக்கும். ஒரு பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதி, அறுபதா தொண்ணூறா என்று சொல்லி, காலி கேசட்டைக் கொடுத்துவிட்டு வரவேண்டும். "வியாழக்கிழமை வா தம்பி" என்பார் கடைக்காரர். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன? செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் டேப் ரெக்கார்டரில் போட்டு, ஓட்டி ஓட்டிக் கேட்பதுதான். நாலாவது பாட்டு பாதியில் நின்றிருந்தால் அன்றைக்கு சாயங்காலமே கடை வாசலில் சண்டை.

முப்பது ரூபாய் கேசட்டுக்குக் காட்டிய இந்த ஜாக்கிரதையை, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு டேப் டிரைவுக்கு நாங்கள் காட்டவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். தப்பு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2004-ல் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் (பெயர் வேண்டாமே) ஒரு டேப் டிரைவ் வாங்கினார்கள். டேப் டிரைவ் என்றால், கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு காந்த நாடாவில் நகல் எடுத்து வைக்கும் பெட்டி. டி.டி.எஸ்.-4 என்று ஒரு ரகம். கேசட் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே 4 மில்லிமீட்டர் அகலத்தில் 150 மீட்டர் நாடா. தினம் ஒன்று என்று வாரத்துக்கு ஆறு கேசட். காலையில் வந்ததும் முந்தின நாள் கேசட்டை வெளியே எடுத்து பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மாட்டுவதுதான் பெரும்பாடு. ஸ்கஸி என்று ஒரு கார்டு. அதில் தொங்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கவேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் இதுவும் ஒரே நம்பரில் இருந்தால் சர்வர் குழம்பிப் போய் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்காது. கேபிளின் கடைசி முனையில் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி. ரயிலின் கடைசிப் பெட்டியில் பெரிதாக எக்ஸ் போட்டிருக்குமே, அந்த மாதிரி 'ரயில் இதோடு முடிந்தது' என்று சொல்லும் சாமான். அது இல்லாவிட்டால் கேபிளில் போன சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து கலாட்டா செய்யும். எங்கள் சிஸ்டம் தம்பி இரண்டு நாள் போராடி, ரிச்சி தெருவுக்கு மூன்று நடை நடந்து, ஒருவழியாக மாட்டி முடித்தார். டிரைவில் பச்சை விளக்கு எரிந்தபோது ஆபீசே கைதட்டியது.

இந்த இடத்தில் என் முதல் புகார். டிரைவின் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் 40 ஜிபி என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், 'இரண்டுக்கு ஒன்றாகச் சுருங்கினால்' என்று விளக்கம். அதாவது நிஜக் கொள்ளளவு 20 ஜிபி. உங்கள் சரக்கைப் பாதியாக மடித்து வைக்க முடியுமென்றால் 40. எங்கள் சரக்கு பெரும்பாலும் புகைப்படங்கள். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும்; பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? முதல் ராத்திரி 20 ஜிபியிலேயே நாடா முடிந்து, அடுத்த கேசட்டைக் கேட்டுக்கொண்டு டிரைவ் வாயைத் திறந்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தது. கேசட் போட அங்கே யார் இருக்கிறார்கள், வாட்ச்மேனைத் தவிர?

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். பெரிய கம்பெனிகள் இன்றைக்கும் டேப்பைத்தான் நம்புகின்றன. எல்.டி.ஓ. என்ற ரகம். 2021-ல் வந்த எல்.டி.ஓ.-9 கேசட் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். விளம்பரத்தில்? 45. அதே பழக்கம். என்ன, அன்றைக்கு இரண்டு மடங்கு, இன்றைக்கு இரண்டரை மடங்கு. கால் கிலோ கத்தரிக்காயில் பத்து கிராம் குறைந்தால் தராசைப் பிடித்துக்கொள்கிற நாம் இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

இரண்டாவது புகார், கூட வந்த கையேட்டின் மேல். எப்படி மாட்டுவது, எப்படி எழுதுவது, தலையைச் சுத்தம் செய்யும் கேசட்டை எப்போது போடுவது என்று பக்கம் பக்கமாகப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எழுதியதைத் திரும்ப எடுப்பது எப்படி? அது கடைசியில், வாரன்ட்டி சமாசாரத்துக்கு முன்னால், ஒன்றரைப் பக்கம். நாங்களும் கையேட்டின் மனோபாவத்துக்கே வந்துவிட்டோம். தினமும் காலையில் நான் கேட்பேன்: "என்ன தம்பி, பேக்கப்?" அவர் சொல்வார்: "எடுத்தாச்சு சார்." திரையிலும் அதே பதில்: வேலை வெற்றிகரமாக முடிந்தது. பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

பன்னிரண்டாவது மாதம் ஹார்ட் டிஸ்க் ஒன்று மண்டையைப் போட்டது. யாரும் பதறவில்லை. பீரோவில்தான் கேசட் இருக்கிறதே! எடுத்துப் போட்டோம். வந்தது. எல்லாம் வந்தது, ஐந்து மாதத்துக்கு முந்தைய நிலையில். அதற்குப் பின் வந்த படங்கள், கட்டுரைகள், பேட்டிகள் ஒன்றுமே இல்லை.

காரணம் நான். ஐந்து மாதம் முன்பு, "டி டிரைவ் ரொம்பிடுச்சு தம்பி, இனிமே வர்றதையெல்லாம் புது டிஸ்க்ல போட ஆரம்பிச்சிடுங்க" என்று சொன்னது அடியேன். அவரும் செய்துவிட்டார். டேப் டிரைவிடம் இதை யாரும் சொல்லவில்லை. பாவம், அது சொன்ன பேச்சு தட்டாமல் ராத்திரி ராத்திரி பழைய டி டிரைவையே நகல் எடுத்து, 'வெற்றி, வெற்றி' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது சொன்னதில் பொய்யே கிடையாது.

போனவற்றில் ஒரு பேட்டியும் உண்டு. மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது வருஷம் ராஜபார்ட் கட்டிய பெரியவர் ஒருவரிடம் மூன்று மணி நேரம் பேசிப் பதிவு செய்தது. பத்திரிகையில் இரண்டு பக்கம் வந்தது. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சர்வரில் போட்டு வைத்திருந்தேன். டிஸ்க் போவதற்கு ஒரு மாதம் முன்பு பெரியவர் காலமாகியிருந்தார். அவர் மகன் போன் செய்து, "அப்பா குரல் உங்ககிட்ட இருக்கும்ல சார், ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டபோது நான் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷ அக்கவுன்ட்டன்சி வகுப்பில் ட்ரயல் பேலன்ஸ் சொல்லித் தருவார்கள். பற்றும் வரவும் இரண்டு பக்கமும் கூட்டினால் சமமாக வரவேண்டும். ஆனால் அடுத்த வகுப்பிலேயே எச்சரிப்பார்கள்: சமமாக வந்துவிட்டது என்பதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு வியாபாரத்தை இரண்டு பக்கமும் எழுதாமலே விட்டுவிட்டால்? கூட்டல் ஜம்மென்று டேலி ஆகும். விடுபடல் பிழை என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, லெட்ஜரை மூடி வைத்துவிட்டு குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணுவது. பரீட்சையில் இதற்குப் பதில் எழுதி மார்க் வாங்கியவன்தான் பதினோரு மாதம் லெட்ஜரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. கிட்லேப் என்று ஒரு மென்பொருள் நிறுவனம். உலகம் பூராவும் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் சரக்கை வைக்கும் கிடங்கு. 2017 ஜனவரி 31 அன்று, அசதியான ராத்திரி வேளையில், ஓர் ஊழியர் ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரிப்பதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. அவர்களிடம் ஒன்றல்ல, ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன. எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே காலி. 'பேக்கப் ஓடவில்லை' என்று எச்சரிக்கும் மெயில்கள் கிளம்பியிருக்கின்றன. ஆனால் மெயில் சர்வர் அவற்றைச் சந்தேகப்பட்டு ஏற்க மறுத்திருக்கிறது! கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் ஒரு ஊழியர் வேறு ஏதோ சோதனைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகல். நடந்ததை ஒன்றுவிடாமல் அந்த நிறுவனமே வெளியிட்டது. அந்தத் தைரியத்துக்கு ஒரு சபாஷ்.

இவ்வளவு திட்டியதால் நாடாவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாடாவுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. பீரோவில் பூட்டிவிட்டால் அது யாரோடும் பேசாது. 2011 பிப்ரவரி கடைசியில், ஜிமெயில் வைத்திருந்தவர்களில் 0.02 சதவீதம் பேர் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி காலி. கூகுள் ஒவ்வொரு மெயிலையும் பல இடங்களில் நகல் வைத்திருக்கிறது. ஆனால் மென்பொருளில் புகுந்த பிழை எல்லா நகல்களையும் ஒரே சமயத்தில் பாதித்துவிட்டது. அப்போது கைகொடுத்தது டேப். கம்ப்யூட்டரோடு தொடர்பில்லாமல் தனியாக இருந்ததால் பிழையால் அதைத் தொட முடியவில்லை. இன்றைக்கு ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்களுக்கும் இதே பதில்தான்.

அதே பெட்டி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தென்கொரியா. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசாங்கத்தின் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி ஒன்று தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிடங்கு எரிந்து போனது. 858 டெராபைட். வெளியே நகல் இல்லை. சொல்லப்பட்ட விளக்கம்: கொள்ளளவு ரொம்பப் பெரிது, அதனால் நகல் ஏற்பாடு செய்ய முடியவில்லை.

கணக்குப் பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? போட்டுப் பார்த்தேன். 858-ஐ 18-ஆல் வகுத்தால் 48 கேசட். ஒரு கேசட்டின் தடிமன் 2 சென்டிமீட்டர் சொச்சம். வரிசையாக அடுக்கினால் ஒரு மீட்டர் நீளம். உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் ஒரே ஒரு தட்டு! எழுதி முடிக்க? ஒரு கேசட்டுக்கு முழு வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம். ஒரே டிரைவை வைத்துக்கொண்டு செய்தாலும் 25 நாள். தினமும் மாறும் கோப்புகளைத் தொடர்ந்து நகல் எடுப்பது இதைவிடச் சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'முடியாது' என்ற வார்த்தைக்கும் 'செய்யவில்லை' என்ற வார்த்தைக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் தூரம்.

மூன்றாவது புகாரையும் சொல்லிவிடுகிறேன். நல்லபடியாக வைத்தால் நாடாவுக்கு முப்பது வருஷம் ஆயுள் என்று விற்கிறார்கள். சரி, அதைப் படிக்கும் டிரைவுக்கு? முன்பெல்லாம் புது எல்.டி.ஓ. டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை கேசட்டைப் படித்தது. பிறகு ஒரு தலைமுறை ஆனது. 2025-ல் வந்த எல்.டி.ஓ.-10 டிரைவ், 2021-ல் வந்த கேசட்டையே படிக்காது. தாத்தா எழுதிய உயில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லை என்கிற மாதிரி.

'எனக்கு ஏன்யா இதெல்லாம்? நானா டேப் டிரைவ் வாங்கப் போறேன்?' என்று நீங்கள் கேட்கலாம். வாங்க வேண்டாம், அது லட்சங்களில் விற்கிறது. ஆனால் உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்குமே? பெண்ணின் காதுகுத்து, அம்மாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் அதில்தானே? கடைசியாக எப்போது அதைச் செருகித் திறந்து பார்த்தீர்கள்? 'போட்டோ எல்லாம் தானா கூகுள்ல ஏறிடும்' என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிற ஏற்பாடு நகல் ஆகாது, கண்ணாடி. முகத்தைத் திருப்பினால் அதுவும் திருப்பிக்கொள்ளும்.

இந்தத் துறையில் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு விதி சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வேறு வேறு ரகக் கருவியில், ஒன்று வேறு இடத்தில். நல்ல விதி. ஆனால் அதிலும் வைப்பதைப் பற்றித்தான் பேச்சு, எடுப்பதைப் பற்றி இல்லை. நான்காவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி குடித்த கையோடு, சமீபத்தில் எடுத்த ஒரு போட்டோ, போன வருஷத்து ஒரு போட்டோ, ரொம்பப் பழசு ஒன்று, மூன்றையும் நகலிலிருந்து வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது. பத்து நிமிஷம் ஆகும்.

போன மாதம் இப்படிப் பார்க்கும்போது ஒரு ஃபோல்டர் திறக்கவில்லை. மூலப் பிரதி இருந்ததால் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அதனால் ஒரு வேண்டுகோள். இனிமேல் ஆபீசிலோ வீட்டிலோ யாராவது "பேக்கப் எடுத்தாச்சு சார்" என்றால், "ரொம்ப நல்லது தம்பி, அதிலிருந்து ஒண்ணை எடுத்துக் காட்டுங்க, பார்ப்போம்" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. ரெக்கார்டிங் சென்டர்காரரும்தான் கோபித்துக்கொண்டார். ஆனால் நாலாவது பாட்டை முழுசாகப் போட்டுக் கொடுத்தார்.