இசைத்தட்டின் உறையில் ஏறிய பெயர்கள்

ஒரு பாட்டு எவருக்கு உரியது? பாடியவருக்கா, புனைந்தவருக்கா, பணம் போட்டுப் பதிவு செய்தவருக்கா? அமெரிக்க நாட்டு மெல்லிசையில் இவ்வினா கூர்மையாக எழுந்த காலம் 1970ஆம் ஆண்டை அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளாகும். அக்காலத்தைப் பாடகரின் விடுதலைக் காலம் என்று போற்றுவது திறனாய்வாளர் வழக்கம். அதற்குச் சான்றாக அவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது, மார்வின் கேய் 1971ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் நீளிசைத்தட்டு. 'ரோலிங் ஸ்டோன்' என்னும் அமெரிக்க இதழ், எல்லாக் காலத்துக்கும் சிறந்த 500 இசைத்தட்டுகளை 2020இல் வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் தந்தது.

இப்புகழ் தகுதியானதே. ஆயினும், விடுதலை என்னும் சொல் பாதி உண்மையையே கூறுகின்றது. பாடகர் எதைப் பெற்றார் என்று கேட்போர், அவரோடு உழைத்தவர்கள் எதை இழந்தார்கள் என்றும் கேட்டல் வேண்டும்.

தொழிற்சாலையில் பிறந்த இசை

டெட்ராயிட் மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த நகரம். அங்கு வாகனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெரி கோர்டி என்பார், குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று 1959இல் இசைத்தட்டுத் தொழிலில் இறங்கினார். மோட்டார் நகரம் என்பதைச் சுருக்கி 'மோட்டவுன்' என்று பெயரிட்டார். ஒரு சாதாரண வீடே அலுவலகமும் ஒலிப்பதிவுக் கூடமுமாக அமைந்தது. வெறும் இரும்புச் சட்டமாக நுழைவது மறுகோடியில் புதுக் காராக வெளிவரும் முறையை அவர் தொழிற்சாலையில் கண்டிருந்தார். அம்முறையையே பாட்டுக்கும் கொண்டுவந்தார். ஒருவர் பாட்டெழுதுவார், ஒருவர் பதிவை நடத்துவார், ஒருவர் பாடுவார், எது விற்பனைக்குச் செல்லத் தக்கது என்பதைக் கம்பெனிக் கூட்டம் முடிவு செய்யும். நடக்கவும், அமரவும், மேடையில் ஆடவும்கூடப் பாடகருக்குப் பயிற்சி தரப்பட்டது.

இதனை இயந்திரத்தனம் என்று இகழ்ந்து ஒதுக்குதல் எளிது, ஆனால் முறையன்று. நிறவேற்றுமை கொடிதாக நிலவிய அந்நாட்டில், கறுப்பின இளைஞரின் குரல் வெள்ளையர் இல்லத்து வானொலியில் நாள்தோறும் ஒலித்ததற்கு இத்தொழிற்சாலை பெருங்காரணம் அன்றோ? அதன் இசையும் உயிரற்ற இசையன்று. வீட்டின் கீழ்த்தளத்துக் கூடத்தில் ஒரு குழுவினர் நாள்தோறும் கூடி வாசித்தனர். 'ஃபங்க் பிரதர்ஸ்' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். பியானோவில் எர்ல் வான் டைக், பேஸ் கிட்டாரில் ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம் முழக்குவதில் பென்னி பெஞ்சமின், கிட்டாரில் ராபர்ட் ஒயிட் ஆகியோர் இக்குழுவினருள் தலையாயவர்கள். ஜாஸ் இசையில் தேர்ந்த இவர்கள் வாசிப்பே மோட்டவுன் பாடல்களுக்கு ஒரு தனி முகத்தைத் தந்தது. பாடுவோர் மாறினர், வாசிப்போர் மாறவில்லை. ஆயினும் இவர்கள் கூலி பெற்றனரேயன்றிப் பெயர் பெற்றாரில்லை. இசைத்தட்டின் உறையில் இவர்களைக் குறிப்பிடுவது கம்பெனியின் வழக்கமன்று.

கம்பெனியின் தயக்கம்

1967 ஜூலையில் டெட்ராயிட் நகரில் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். மார்வின் கேயின் தம்பி வியட்நாம் போருக்குச் சென்று மீண்டார். கேயோடு இணைந்து காதற் பாடல்கள் பாடிய டாமி டெரல் 1970 மார்ச்சில் நோயால் மறைந்தார். இத்துயரங்களின் நடுவே அவரிடம் ஒரு பாட்டு வந்து சேர்ந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1969இல் இளைஞர்களைப் போலீசார் தாக்கியதைக் கண்டு நெஞ்சு பொறாத ரெனால்டோ பென்சன், அதனை அல் கிளீவ்லண்டுடன் சேர்ந்து புனையத் தொடங்கியிருந்தார். கேய் அதற்கு மெருகேற்றித் தாமே பாடினார்.

கோர்டிக்கு அது பிடிக்கவில்லை. காதற் பாடகர் அரசியல் பேசினால் கேட்போர் விலகுவர் என்பது அவர் அச்சம். இழுபறிக்குப் பின்னர் 1971 ஜனவரியில் பாட்டு வெளிவந்தது. நாடளாவிய விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறிற்று. அதன் பின்னரே முழு இசைத்தட்டுக்கும் வழி திறந்தது. வணிகர் கணக்கைக் கேட்போர் பொய்யாக்கினர்.

ஒன்பது பாடல்கள், ஓர் ஓட்டம்

ஒன்பது பாடல்கள் கொண்ட இத்தட்டில் பெரும்பாலான பாடல்கள் இடையறவின்றி ஒன்றோடொன்று தொடர்கின்றன. போரிலிருந்து மீண்டவன் காணும் ஊர், வேலையின்மை, போதைப் பழக்கம், நஞ்சேறிய கடலும் காற்றும், குழந்தைகளின் எதிர்காலம், இறைவனின் அருள் என்று பொருள் விரிகின்றது. இவற்றையெல்லாம் கூறும் குரலில் வசையில்லை. உடன்பிறந்தாரிடம் முறையிடும் கனிவே உள்ளது. ஒரே பாடகரின் இரு குரல்கள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் அழகு, இருமுறை பதிவான குரல்கள் தற்செயலாகச் சேர்ந்து ஒலித்ததால் விளைந்தது. தற்செயலாய் வந்ததைக் கலையென்று கண்டு போற்றியது கேயின் நுண்ணறிவு.

குறையே இல்லையென்று கூறுவதற்கில்லை. குழந்தைகளைக் காக்குமாறு வேண்டும் பாட்டு, பாட்டு நிலையிலிருந்து இறங்கிச் சொற்பொழிவை நெருங்குகின்றது. சொல் தளரும் அவ்விடத்திலும் தளராமல் நிற்பது எது? கீழே ஓடும் ஜேமர்சனின் பேஸ் கிட்டார். அது தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமைவதில்லை. குரல் கேட்கும் கேள்விக்கு மறுமொழி தந்துகொண்டே செல்கின்றது. டேவிட் வான் டிபிட் அமைத்த வயலின் கூட்டிசை மேலே விரிய, அடியில் இம்மறுமொழி ஓயாது ஒலிக்கின்றது. தனி ஒருவரின் நெஞ்சக் குமுறல் என்று போற்றப்படும் இப்படைப்பு, உண்மையில் ஒரு கூட்டத்தாரின் கைவண்ணம்.

கேய் இதனை அறிந்திருந்தார். ஆகவேதான் மோட்டவுன் வரலாற்றில் முதன்முறையாக இவ்வுறையில் வாசித்தோர் பெயர்கள் அச்சாயின. ஜேமர்சன் பெயருக்குத் தனிப் புகழடையும் தரப்பட்டது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலை மட்டும் பாடி அமையவில்லை. தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதியையும் வரிசைப்படுத்தினார். அவர் அறிந்திருந்த நீதி, டெட்ராயிட் நகரின் ஒரு வீட்டுக்கு வந்து சேர பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பெயர் வந்தது, வேலை போயிற்று

வந்த நீதி நிலைக்கவில்லை. 1972இல் கம்பெனி தன் தலைமையிடத்தை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு மாற்றிக்கொண்டது. திரைப்படத் தொழில் அதனை ஈர்த்தது. கீழ்த்தளத்து இசைவாணருட் பெரும்பாலோர் டெட்ராயிட்டிலேயே விடப்பட்டனர். உறையில் பெயர் ஏறிய மறு ஆண்டே வேலை போயிற்று.

அதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1971 மே மாதத்தில் 21 வயது நிரம்பிய ஸ்டீவி வொண்டர், மோட்டவுனோடு புதிய ஒப்பந்தம் செய்து தம் இசையின் மீது முழு உரிமை பெற்றார். 1972இல் வெளிவந்த அவருடைய 'சூப்பர்ஸ்டிஷன்' என்னும் பாட்டில் டிரம்மும் அவர் கையே, கிளாவினெட்டும் அவர் கையே. பேஸ் கிட்டார் நிற்க வேண்டிய இடத்தில் மின்னிசைக் கருவி நின்றது. அது உயர்ந்த இசை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பாடகரே யாவும் ஆகிவிட்ட அக்கணத்தில் ஜேமர்சன் போன்றோருக்கு இருக்கை இல்லாமற்போயிற்று என்பதும் ஐயமற்றது.

ஜேமர்சன் லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சென்று பார்த்தார். பழைய சிறப்பு மீளவில்லை. 1983இல், 47ஆம் வயதில் மறைந்தார். இக்குழுவினரைப் பற்றிய திரைப்படம் 2002இல் வந்தது. வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது 2004இல் வந்தது. அவ்விருது வந்தபோது வான் டைக்கும் இல்லை, ஒயிட்டும் இல்லை, பெஞ்சமினும் இல்லை.

இதில் கொடியவர் ஒருவரைத் தேடிப் பழி சுமத்துவதால் பயனில்லை. கேய் பேச விரும்பியது நியாயம். வொண்டர் உரிமை கேட்டதும் நியாயம். பிழை, படைப்புக்கு ஒரே தலைவன்தான் இருக்க முடியும் என்னும் எண்ணத்தில் உள்ளது. முதலாளியே தலைவன் என்றிருந்தபோது வாசித்தவன் மறைந்தான். பாடகனே தலைவன் என்றானபோதும் அவனே மறைந்தான். 1971ஆம் ஆண்டின் அவ்வுறை இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வழி ஒன்று உண்டு என்பதைக் காட்டியது. பாடகன் தன் சொல்லைத் தானே சொல்லலாம். அச்சொல்லைத் தாங்கிய கைகளுக்கும் பெயர் இருக்கலாம். சிறந்த தட்டுகளை வரிசைப்படுத்துவோர் முதல் எண்ணை எழுதுவதற்கு முன் அப்பெயர்ப் பட்டியலை ஒருமுறை படிப்பார்களாயின், திறனாய்வு தன் கடமையில் பாதியையேனும் செய்ததாகும்.